பல் பிரஷ்ஷும் கப்பலும்

"கொஞ்சங் கொஞ்சமாகத் திருத்தி உருப்பட்ட விக்கி உலக வரலாற்றிலேயே இல்லை," என்று துவாரகன் அறிவித்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தருகே இருந்த அந்தச் சின்ன அலுவலகம், மாவட்டத்து ஊர்களுக்கென்று ஒரு விக்கித் தளம் நடத்தியது. லோஜினி, பக்கங்களுக்கு அச்சாக இருக்கும் அதன் வார்ப்புருக்களை நாளுக்கு ஒன்றாகச் சீராக்கி வந்தாள். துவாரகனோ எல்லாவற்றையும் தனித் தளமாகப் புதிதாகவே எழுதிவிட்டான். தோற்றம் மட்டும் மாறக்கூடாது என்பது முதலாளி கலீலுர் றஹ்மானின் கட்டளை. இரண்டில் எது நிலைப்பது என்று இன்று முடிவு.

"லோஜினியக்கா செய்யிறது பல் பிரஷ்ஷால கப்பல் கழுவுற வேலை, சேர். அந்தப் பழசை நான் ஆறு மாசமாத் திறந்தும் பாக்கேல்லை."

"கதை காணும் தம்பி, இனிப் பாப்பம்," என்ற முதலாளி, திரையில் தம்பலகாமம் என்ற ஊர்ப்பெயரை அழுத்தினார். பக்கம் யானைப் படத்தோடு சட்டென்று விரிந்தது.

"பாத்தீங்களா சேர், வேகத்தை! பழசுக்கு இது கனவிலயும் ஏலாது!"

"ஓம், உண்மைதான். இதையே வைப்பம்."

லோஜினி தொண்டையைச் செருமினாள். "தம்பி, இதுதான் பழசு. உங்கட புதுசு அடுத்த டப்பில திறபடாமக் காலமையிலிருந்து சுத்துது."

பின்னேரம் எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனதும், துவாரகன் தன் தளத்தில் ஒரேயொரு வார்ப்புருவைத் திறந்து, மூன்று வரி திருத்தி, சத்தமில்லாமல் மூடினான்.

கப்பலில் ஒரு பல்லளவு இடம் வெளுத்தது.