நாக்கின் நலம் விசாரிப்பு

உடைந்த கடைவாய்ப் பல்லைத் தடவித் தடவி அனுதாபப்படுவதுதான் நாக்கின் பொழுதுபோக்கு. ஒருநாள் டாக்டர் அந்தப் பல்லை லேசரால் அளந்தார். கம்ப்யூட்டர் வரைந்தது, மெஷின் கடைந்து கொடுத்தது. மதியத்துக்குள் பல்லின் மேல் பளபளவென்று ஒரு பல் உறை, அதாவது கேப், உட்கார்ந்துவிட்டது.

நாக்கு ஓடி வந்து சுற்றிச் சுற்றித் தடவியது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"எங்கேயாவது குத்துதா தம்பி?"

"இல்லக்கா, கச்சிதமா இருக்கேன்," என்றது கேப்.

சாயங்காலம் ஒரு முறுக்கு உள்ளே போனதும் நாக்கு மறுபடி வந்தது. "முறுக்கு கடிச்சப்போ வலிச்சிருக்குமே?"

"மொறுமொறுன்னு நல்லா இருந்துச்சுக்கா!"

நாக்குக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்து பார்த்தது, முடியவில்லை. மெல்லப் பக்கத்துப் பல்லிடம் நகர்ந்தது.

"ஏம்ப்பா, நீ லேசா ஆடுற மாதிரி இருக்கே?"

கரும்பையே கடித்து நொறுக்கிய அந்தப் பல், அன்றிலிருந்து இட்லியைக்கூடப் பயந்து பயந்துதான் கடிக்கிறது.