சுற்றாத விசிறி

"பகல் பூரா ஓட்டினா மோட்டார் கருகாம என்ன பண்ணும்? உங்காத்துல ஃபேன்கூடக் கிடையாது. இங்க வந்தா ஏசி கேக்கறது."

மாமனார் ஹரிஹரய்யர் கூடத்து நாற்காலியிலிருந்தே பேசினார். மருமகள் ராஜஸ்ரீ குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கரமனையில் பத்து நாளாக மழை, ஆனாலும் புழுக்கம். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இன்றைக்கே ஏசியைக் கழற்றி விற்றுவிடப் போவதாக அவர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் பினு பால்கனியில் இருந்த வெளி யூனிட்டுக்குள் டார்ச் அடித்தான்.

"கெப்பாசிட்டருக்கு ஒரு குழப்பமும் இல்ல, சாமி."

"உனக்கென்னடா தெரியும்? மோட்டார்தான் போயிருக்கும்."

"மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு. ஃபேன்ல ஏதோ துணி சுத்திக் கெடக்கு."

"குழந்தை துணியைக் கண்ட இடத்துல போட்டிருப்பா. படிச்சவளாம், படிச்சவ."

பினு இடுக்கியை உள்ளே விட்டான். ஐயர் துள்ளி எழுந்தார்.

"தொடாதேடா! மடியா உலர்த்தின கௌபீனம் அது. இந்த மழைக்கு அந்தச் சூட்டுக் காத்துலதான் காயறது."

ராஜஸ்ரீ முதல் முறையாக வாய் திறந்தாள்.

"பினு, கொஞ்சம் நில்லுங்கோ. அப்பா குளிச்சு, மடியா வந்து, அவரே எடுத்துப்பார். அப்புறம் ஏசியைப் போட்டுப் பாத்துட்டுப் போங்கோ."