வலது பக்கம்

டாக்டரம்மா காகிதத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்தார்.

ஒன்றின் ஓரத்தில் சிறிய புள்ளி வைத்து, அதைச் சுற்றி மட்டும் கோடு போட்டார். மற்றதை முழுவதுமாக அடித்தார்.

“கட்டியை மட்டும் எடுக்கலாம். அப்புறம் அஞ்சு வாரம் மதுரையில தங்கி ரேடியேஷன், அதான் கரண்ட், வைக்கணும். இல்லைன்னா மார்பை முழுசா எடுத்துடலாம். எது செஞ்சாலும் கீமோ உண்டு. ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான். நீங்கதான் முடிவு சொல்லணும்.”

அவள் கணவனைப் பார்த்தாள்.

“ஒனக்கு எது தோணுதோ அதைச் செய்யலாம்,” என்றான் அய்யாத்துரை. பரிசோதனை முடிவு வந்த நாலு நாளாக அவன் சொல்வது இது ஒன்றுதான். அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்தான்.

புற்றுநோய் என்று அவள் நினைக்கவே இல்லை. பால் கட்டியிருக்கிறது என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா ரெண்டு பக்கமும் குடிக்கிறாளா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எடது பக்கம் மட்டுந்தான். வலது பக்கம் வச்சா மூஞ்சத் திருப்பிக்கிடுதா.”

“எவ்வளவு நாளா?”

“மூணு மாசம் இருக்கும்மா.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

“கட்டி இருக்கிற பக்கத்தைச் சில பிள்ளைங்க அப்படி ஒதுக்கும்,” என்றார் மெதுவாக.



அவள் பிள்ளையின் தலையைப் பிடித்து அழுத்தியிருக்கிறாள். மூக்கை மூடிப் பார்த்திருக்கிறாள். குடிச்சித் தொலையேன் சனியனே என்று ஒரு நாள் தொடையில் அடித்தாள். நாலு விரலும் பதிந்திருந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. அழுதுகொண்டே முகத்தைத் திருப்பியது.

ஒரு வார்த்தை பேசத் தெரியாதது. தனக்குத் தெரிந்த மாதிரியில் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

“முழுசா எடுத்துருங்கம்மா.”

கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

அய்யாத்துரை தலையை நிமிர்த்தினான்.

“அவசரம் இல்லை. ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் டாக்டரம்மா.

அவள் தலையசைத்து மறுத்தாள். பிழைப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை, பிள்ளையை அடித்துத் திணித்த மார்பு தன்னிடம் இருக்கக் கூடாது என்றுதான் சொன்னாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

“சரி. சாயங்காலத்துலேருந்து ஒரு மாத்திரை போடுங்க. பால் நின்னுடும். அதுவரைக்கும் இடது பக்கம் குடுக்கலாம்.”

வெளியே வராந்தாவில் நாத்தனார் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் அது இரண்டு கையையும் நீட்டித் தாவியது.

கடைசி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நல்ல பசி போல. மூச்சுவிடாமல் குடித்தது. ஒரு கையால் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துத் திருகியது. அப்புறம் விரல்கள் தளர்ந்தன. உறிஞ்சுவது குறைந்தது. நின்றது. உதட்டோரம் ஒரு சொட்டுப் பால் வழிந்தது.

“தூங்கிட்டால்லா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா,” என்றான் அய்யாத்துரை, மாத்திரைப் பொட்டலத்துடன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று பிள்ளையின் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டினாள்.

அது காலை இழுத்துக்கொண்டது. கண்ணைத் திறக்கவில்லை.

மறுபடியும் சுண்டினாள்.