ஆறு படங்கள்

லான்செஸ்டனில் கோரியின் வீட்டுக் கூரைக்குள் குளிர் தடுக்கும் பஞ்சு பரப்பி, ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டேன். ஆனாலும் வீட்டில் குளிர் குறையவில்லை. இதையே தொழிலாகச் செய்யும் எனக்கே ஏனென்று புரியவில்லை.

“பஞ்சை உன் மூளைக்குள்ள வச்சுட்டியா, மச்சான்?” என்று கோரி என் தோளில் குத்தினான். விளையாட்டுக் குத்துதான். ஆனாலும் வலித்தது.

வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியே இழுத்தேன். அப்படி இழுத்தால், ஓட்டை இருக்கும் இடமெல்லாம் காற்று உள்ளே பாயும். மொத்தக் கசிவையும் மீட்டர் எண்ணாகக் காட்டும்.

ஜன்னலோரம் புகைக்குச்சியைப் பிடித்தேன், புகை அசையவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆறு படங்கள்தான், பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் தடதடவென ஆடின.

“படத்தைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்,” என்றான் கோரி.

“எடுத்துப் பாருங்க,” என்றாள் அவன் மனைவி ஷெல்லி.

அவன் முஷ்டி பாய்ந்தது. ஷெல்லி பழக்கப்பட்டவளாகத் தலையைச் சாய்த்தாள். மெல்லிய ஜிப்சம் பலகைச் சுவரைப் பிளந்து, அவன் கை முழங்கைவரை உள்ளே போனது. மீட்டரில் எண் ஏறியது.

நான் கூப்பிட்ட போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோன பிறகு படங்களைக் கழற்றினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் அதே அளவு ஓட்டை. ஐந்து, ஷெல்லியின் தலை உயரத்தில். ஆறாவது என் இடுப்பளவில். அவர்கள் மகளுக்கு ஐந்து வயது.

அவன் அந்தப் பக்கமே வரக்கூடாது என்றது கோர்ட். ஏழு ஓட்டைகளையும் அடைத்து, வாசல் பூட்டையும் மாற்றினேன்.

இப்போது ஹீட்டர் பாதி நேரம்தான் ஓடுகிறது. வீடு கதகதப்பாக இருக்கிறது. சுவரில் ஒரு படம்கூட இல்லை.