ஈரச் சுவர்

கணவரைச் சக்கர நாற்காலியோடு முன்னறைக்குள் தள்ளிக்கொண்டு வரும்போதே அவள் பேசத் தொடங்கிவிட்டாள்.

நிறுத்தினால் அழுகை வந்துவிடும். அதனால் நிறுத்தவில்லை.

மேசையைக் காட்டினாள். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினைக் காட்டினாள். கடையிலிருந்து அதை ஆட்டோவில் ஏற்றி வந்து இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். கத்தி, கொக்கி, தேய்க்கிற பட்டை எல்லாம் கைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில். ஸ்டிக்கர் வெட்டுகிற வினைல் ரோல்கள் பிளாஸ்டிக் டிரம்மில். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து விழும். கடையில் குனிந்து குனிந்து முதுகு போகிறது என்று புலம்புவாரே, இங்கே குனியவே வேண்டாம்.

எல்லாமே கொஞ்ச நாளைக்குத்தான் என்று தெரியும்படி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். மேசை, பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. வாசலில் நாற்காலி ஏறச் சிமெண்டுச் சரிவு போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டு, ஒரு பலகையைச் சாய்த்து வைத்தாள். பலகையை நாளைக்கே எடுத்துவிடலாம். அதைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வரும்.

"பொங்கலுக்குள்ள எந்திரிச்சு நடந்துருவீங்க. அது வரைக்கும் இங்கயே இருந்து வேல பாருங்க."

டாக்டர் சொன்னது வேறு.

பேக்கரி போர்டில் அவர் கடைசி எழுத்தை ஒட்டும்போது ஏணி சறுக்கியது. அடி முதுகுத் தண்டில். இனி எழுந்து நடக்க வழியே இல்லை. நானே அவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சி, டாக்டரின் வாயை அடைத்தவள் அவள்தான். இன்றுவரை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

சுவிட்சு போர்டுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

அது ஆள் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்த கைக்கு எட்டாது. ஒரு விளக்கைப் போடக்கூட அவர் தன்னைக் கூப்பிட்டுக் காத்திருப்பார் என்று நினைத்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. எலக்ட்ரீஷியன் மயில்சாமியை வரச் சொன்னாள். வந்தவர் சுவரைக் கொத்தி, வயர் பைப்பை இறக்கி, போர்டை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கொத்திய இடத்தைப் பூசியும் கொடுத்துவிட்டு நேற்று சாயங்காலம் போனார்.

வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு சாம்பல் பட்டை. பல்லிளித்துக்கொண்டு நின்றது.

காலையில் வெள்ளை ரோலிலிருந்து ஒரு நீளத் துண்டை வெட்டி அவளே அதன்மேல் ஒட்டினாள். அப்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அதில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

ஸ்டிக்கர்காரரின் கண்ணுக்கா அது தப்பும்?

அவர் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு சுவரருகே போனார். எதன்மேல் ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். சந்தையில் மாடு பிடிக்கிற ஆள் மாதிரி என்று கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்வாள். அதே தடவல். கொப்புளம் விரலுக்கடியில் நகர்ந்தது.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே உரிந்து வந்தது.

உள்ளே சிமெண்டு இன்னும் காயவில்லை.

அந்தப் பட்டை வழியாகவே அவர் பார்வை மேலே ஏறியது. பழைய போர்டு இருந்த இடம்.

பிறகு கீழே இறங்கியது. புது போர்டு.

அவள் பேச்சு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. பொங்கல் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு யாராவது சுவரை உடைப்பார்களா?

திட்டட்டும். கையில் கிடைத்ததை எடுத்து வீசட்டும். தாங்கிக்கொள்வாள்.

அவர் உரித்த ஸ்டிக்கரைப் பந்தாகச் சுருட்டினார். மெதுவாக, பசை கையில் ஒட்டாமல்.

"ஈரச் செவுத்துல ஒட்டக்கூடாது புள்ள. நல்லாக் காயோணும்."

மறுபடி அந்தச் சிமெண்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"காயட்டும். நா எங்க போயிடப் போறேன்."

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கையைத்தான் பார்த்தாள். அது சுவரை விட்டுப் பக்கத்திலிருந்த சுவிட்சுக்குப் போனது.

விளக்கு எரிந்தது.

கை நன்றாகவே எட்டியது.