சந்தனம் மறைத்த எழுத்துகள்

அது ஆயுத பூஜைக்கு மறுநாளா, அதற்கும் அடுத்த நாளா என்பது உறுதியாக நினைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர எழுத்தர் சிவபாண்டியின் பழைய கணினியில், கணினி சரிசெய்ய வந்த இளைஞன் ரோஷன், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு முடிக்கிறான். இருபது வருடமாகப் பழகிய தமிழ்த் தட்டச்சு முறை இதில் இல்லையென்றால், பத்திரங்களைத் தட்டச்சு செய்யும் யோகேஸ்வரிக்கு இங்கே வேலையில்லை. ரோஷன் தட்டச்சு முறைகளின் பட்டியலைத் திறந்து, அவள் பழகிய முறையைத் தேர்ந்தெடுக்கிறான். "இப்ப அடிங்கக்கா." விசைகளின் மேல் பூஜைச் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. "சாமி கும்பிடுதேன்னு எழுத்தையே மூடிட்டியே யோகேசு, செத்த தொடச்சிட்டு அடி" என்கிறார் சிவபாண்டி. "எழுத்தப் பாத்தா நான் அடிக்கேன்?" அவள் சன்னல் வெயிலைப் பார்த்தபடி அடிக்கிறாள். 'கான்சாபுரம் கிராமம், கிழக்கே வாய்க்கால்' என்று திரையில் பிழையின்றி வரி ஓடுகிறது. சந்தனம் பொடிந்து விரல்நுனிகளில் ஒட்டுகிறது. அதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. ரோஷன் இப்போது ராஜபாளையம் மில்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறான். சிவபாண்டி இரண்டாவது கணினியையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டார். யோகேஸ்வரி அதே நாற்காலியில் இருக்கிறாள்.