இடது பக்கப் பிடி

"இடது பக்கம் கைய விடுங்க. மேல தள்ளிட்டு இழுங்க."

அவன் நாற்காலியிலிருந்து எழவில்லை. செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவுமில்லை.

கேஸ் இணைப்பு கொடுக்க வந்த போஜன், கணப்படுப்புக்குள் தோள்வரை நுழைந்து வெகுநேரமாகத் துழாவிக்கொண்டிருந்தார். புகைபோக்கியை அடைத்திருந்த தகடு திறக்கவே இல்லை. இப்போது அவன் சொன்னபடி செய்தார்.

தகடு கிறீச்சிட்டுத் திறந்தது. கரி பொலபொலவென்று தரையில் கொட்டியது.

ஜன்னலோரம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவன் மனைவியின் கை நின்றது.

குன்னூரில் இந்த வீட்டை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தரகர் காட்டிய அன்றுதான் இருவரும் முதல்முறை உள்ளே வந்தார்கள்.

அவன் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும்."

போஜன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இல்லீங்க சார். இந்தப் பக்கம் நெறைய பங்களாவுல வேலை செஞ்சிருக்கேன். பிடி முன்னாடிதான் இருக்கும். இப்படி ஒளிச்சு வெச்சத இப்பத்தான் பாக்கறேன்."



போஜன் குழாய் எடுத்துவர வண்டிக்குப் போனார்.

வாங்குவதற்காகப் பார்த்த மற்ற வீடுகளில் குழாயைத் திறந்து, சுவரைத் தட்டி, ஆயிரம் குறை சொன்னவன் இங்கே மாடிக்குக்கூட ஏறவில்லை. வாசலிலேயே விலை பேசிவிட்டான்.

விற்றவள் ஒரு பெண். தனியாக இருந்தவள்.

பத்திரம் பதிந்த அன்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அது வெறும் சிரிப்பாகத்தான் இருந்தது.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மனைவி அவனெதிரே வந்து நின்றாள்.

"யாரோட வந்தீங்க இங்க?"

செல்போனின் திரை அணைந்திருந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல. யாரோட?"

"எங்கம்மாவோட."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மாமியார் திருப்பூரைத் தாண்டி எங்கும் இருந்ததில்லை என்றுதான் இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியும். எத்தனை கூப்பிட்டும் இந்த வீட்டைப் பார்க்க வர மறுத்துவிட்டார். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாதாம்.

"அத்தை இங்க எதுக்கு வந்தாங்க?"

அவன் எழுந்து போய் கணப்படுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். கொட்டிக் கிடந்த கரியை உள்ளங்கையால் வழித்துச் சேர்த்தான். ஒரு பொட்டுகூடச் சிதறவில்லை.

அவன் துடைப்பத்தைத் தொட்டுக்கூட அவள் பார்த்ததில்லை.

"வீட்டுக்காரங்க எந்திரிக்கறதுக்குள்ள சாம்பல அள்ளிடணும். விறகு அடுக்கிடணும். அந்தப் பிடி அம்மாவுக்கு எட்டாது. நான் உள்ள புகுந்து நின்னுட்டு இழுப்பேன்."

கரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "வீட்ட வித்த அந்தம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல," என்றான்.

அவள் சந்தேகப்பட்டதில் பாதி சரி. எந்தப் பாதி என்று நினைக்கவே கூசியது.

போஜன் குழாயைத் தோளில் சாய்த்தபடி உள்ளே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் சுவரில் துளையிட ஆரம்பித்தார்.

அவள் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மூடுபனி கேட் வரைக்கும் வந்திருந்தது.

"அத்தை, இங்க கணப்புக்கு கேஸ் போடறோம்."

கேட்டின் ஈரக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"விறகு கிடையாது அத்தை. சாம்பலும் இருக்காது."

துளையிடும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை.

"அப்ப வர்றேன் கண்ணு," என்றார் மாமியார்.